பாட்டிலை மாத்தாதீங்க... போடுற நேரத்தை மாத்துங்க! உலக மசாலாக்கள் சொல்லித்தரும் சமையல் பாடம்

சமையலறை அலமாரியின் பின்வரிசையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பாப்ரிகா, ஆரிகானோ, ஃபைவ் ஸ்பைஸ் என்று ஏதாவது ஒரு பாட்டில் ஒளிந்திருக்கும். யூடியூபில் ஏதோ ஒரு ரெசிப்பி பார்த்து ஆசையாக வாங்கியது. ஒரே ஒரு முறை திறந்தது. சமைத்தது சரியாக வராததால், 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று மூடி வைத்தது. இப்போது எடுத்துப் பார்த்தால், தேதி முடிந்து பல மாதம் ஆகியிருக்கும்.

எனக்கும் அதே கதைதான். முதன்முதலில் பாப்ரிகா வாங்கிய அன்று, நம்ம வழக்கப்படி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, ஒரு ஸ்பூன் தூளை அப்படியே போட்டேன். சில விநாடிகளில் சிவப்பு கறுப்பானது. குழம்பு முழுக்கக் கசப்பு. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் கோபம் வேறு. பிறகுதான் புரிந்தது, தப்பு தூளில் இல்லை; நான் போட்ட நேரத்தில்!

உலகத்தில் எந்த ஊர் சமையலை எடுத்துக்கொண்டாலும் மசாலாப் பொருள்களில் முக்கால்வாசி நமக்குத் தெரிந்தவைதான். எதைப் போடுகிறார்கள் என்பதைவிட எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் ருசி மாறுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், ஆயிரக்கணக்கில் செலவு செய்யாமலேயே உங்க அஞ்சறைப்பெட்டியை வைத்துப் பல நாட்டுச் சமையலைச் செய்து பார்க்கலாம்.

ஒரே சீரகம்... மூன்று ருசி!

சீரகத்தையே எடுத்துக்கோங்க. நாம் அதைக் காய்ந்த எண்ணெயில் போட்டுப் பொரியவிடுகிறோம். மொராக்கோவில், தணலில் சுட்ட ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் சீரகத்தூளையும் உப்பையும் சின்னக் கிண்ணத்தில் வைத்துவிடுவார்கள். சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்பெயின்காரர்கள் மூலம் சீரகம் போய்ச் சேர்ந்த மெக்சிகோவில், அதை அரைத்து, காய்ந்த மிளகாய் விழுதோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள்.

பொருள் ஒன்றுதான். ஆனால் எண்ணெயில் பொரிந்த சீரகம் கமகமவென்று வறுத்த மணம் தரும். குழம்பில் கொதித்த சீரகம் அடங்கிப்போய்ப் பின்னணியில் நிற்கும். கடைசியில் தூவிய சீரகம் மூக்கில் சுள்ளென்று ஏறும்.

காரணம் எளிமையானது. மசாலாப் பொருள்களின் மணம், அவற்றில் உள்ள ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரைவிட எண்ணெயில், நெய்யில் நன்றாகக் கரையும். அதனால்தான் தாளிப்பு அவ்வளவு மணக்கிறது. அதே எண்ணெய்கள், சூடு நீண்ட நேரம் பட்டால் காற்றில் பறந்துவிடும். சமைக்கும்போது வீடெல்லாம் மணக்கிறது என்றால், பாத்திரத்தில் இருக்க வேண்டிய மணத்தில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்!

ஆக, மசாலா போட மூன்று நேரங்கள் உண்டு: எண்ணெயில், கொதியில், இறக்கும்போது.

எண்ணெயில்: முழுசா, தூளா?

கடுகு, சீரகம், பட்டை, கிராம்பு மாதிரி முழுசாக இருப்பவை சூடான எண்ணெயைத் தாங்கும். தூள் தாங்காது. பாப்ரிகா கொஞ்சம்கூடத் தாங்காது. பாப்ரிகா என்பது காரம் குறைந்த, சதைப்பற்றான மிளகாயைக் காயவைத்து அரைத்த தூள். அதில் இனிப்பு உண்டு. இனிப்பு கருகினால் கசப்புதானே?

ஹங்கேரிக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? வெங்காயத்தைக் கொழுப்பில் பொன்னிறமாக வதக்கிவிட்டு, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதன்பிறகே பாப்ரிகாவைப் போட்டுக் கிளறி, உடனே தண்ணீர் சேர்த்து மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். வெதுவெதுப்பான கொழுப்பில் நிறம் இறங்கிவிடும், கருகவும் கருகாது. அவ்வளவுதான் ரகசியம்.

அவர்கள் ஊர் உருளைக்கிழங்கு பாப்ரிகாஷ் செய்து பாருங்க. அரை கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், மூன்று ஸ்பூன் எண்ணெய். வெங்காயத்தை வதக்கி, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு டேபிள்ஸ்பூன் பாப்ரிகா சேர்க்கவும். கிளறியதும் ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, நறுக்கிய கிழங்கு சேர்த்து மூடி வேகவிட வேண்டும். பாப்ரிகா இல்லையா? காஷ்மீரி மிளகாய்த்தூளில் பாதி அளவு போதும். நிறம் கிடைக்கும், காரம் மட்டும் கொஞ்சம் கூடும்.

ஸ்பெயினின் லா வேரா பகுதியில் தயாராகும் புகை பாப்ரிகா வேறு ரகம். மிளகாயை ஓக் மரப் புகையில் சுமார் இரண்டு வாரம் காயவைத்து அரைப்பார்கள். அந்தப் புகை வாசனைக்கு நம்ம ஊர் மிளகாய்த்தூள் ஈடாகாது. காசு கொடுத்து வாங்கலாம் என்றால், அது இதுதான்.

இவ்வளவு 'வெளிநாட்டு' பாப்ரிகாவும், நம்ம வீட்டு மிளகாயும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போன மிளகாய், பிறகு ஹங்கேரியை அடைந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் மூலம் இந்தியாவுக்கும் வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு, மிளகைப் போலக் காரமான காய் என்று 'மிளகாய்' என்றே பெயர் வைத்துவிட்டோம். வெளிநாட்டு மசாலா நமக்குப் புதுசில்லைங்க!

கொதியில்: பொறுமைக்குப் பரிசு

வியட்நாமின் ஃபோ சூப்பில் இருப்பது என்ன? அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு... நம்ம பிரியாணிப் பொருள்களேதான்! ஆனால், அவர்கள் இவற்றை எண்ணெயில் போடுவதில்லை. வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, எலும்போடும் சுட்ட இஞ்சி, வெங்காயத்தோடும் சேர்த்து மணிக்கணக்கில் மெதுவாகக் கொதிக்கவிடுவார்கள். பிறகு வடிகட்டிவிடுவார்கள். வாயில் பட்டை கடிபடாது. மணம் மட்டும் சாற்றில் நிற்கும்.

சீனாவின் ஃபைவ் ஸ்பைஸ் தூளைத் தனியாக வாங்கவே வேண்டாம். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு ஆகிய நான்கும் உங்க வீட்டிலேயே இருக்கும். ஐந்தாவதான சிச்சுவான் மிளகு மட்டும்தான் புதுசு. சோயா சாஸில் இறைச்சியை நீண்ட நேரம் வேகவைக்கும்போது இதைச் சேர்க்கிறார்கள். அன்னாசிப்பூவை மட்டும் கையை அடக்கிப் போடுங்க. கூடிப்போனால் சாப்பாடு மருந்து வாசனை அடிக்கும்.

அடுத்து எத்தியோப்பியா. அவர்களின் பெர்பெரே மசாலாவில் காய்ந்த மிளகாய், தனியா, வெந்தயம், ஏலக்காய், கிராம்பு, சுக்கு, ஓமம் எல்லாம் உண்டு. சாம்பார் பொடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி! (அவர்கள் ஊர் ஏலக்காய் கொஞ்சம் பெரியது, நம்ம ஏலக்காயிலும் செய்யலாம்.) ஆனால் சாம்பார் பொடியை நாம் புளித்தண்ணீரில் கொதிக்கவிடுகிறோம். அவர்களோ, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை முதலில் எண்ணெய் இல்லாமலேயே சிம்மில் வதக்குவார்கள். அது சுருண்டு வரும்போது, எண்ணெயோ மசாலா போட்டு உருக்கிய வெண்ணெயோ ஊற்றி, பெர்பெரேவைச் சேர்த்துப் பொறுமையாகச் சுண்டவைப்பார்கள். இதில் மசூர் பருப்பை வேகவைத்தால், அதுதான் மிசிர் வாட். வீட்டில் இருக்கும் அதே பருப்பு, அதே பொருள்கள். ஆனால், சாம்பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இறக்கும்போது: மூக்குக்கு நேராக!

லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கம் ஸாத்தர் என்றொரு பொடி உண்டு. இரண்டு ஸ்பூன் வறுத்த வெள்ளை எள், இரண்டு ஸ்பூன் உலர்ந்த தைம் அல்லது ஆரிகானோ, ஒரு ஸ்பூன் சுமாக், கால் ஸ்பூன் உப்பு. கலந்தால் ஸாத்தர் தயார். பீட்சாவோடு வரும் ஆரிகானோ பாக்கெட்டுகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கொண்டாட்டம்! சுமாக் என்பது புளிப்பான ஒரு பழத்தைக் காயவைத்துப் பொடித்தது. கிடைக்காவிட்டால் ஆம்சூர் தூள் பாதி அளவு போடலாம்.

இந்தப் பொடியைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் வீணாகிவிடும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த கெட்டித் தயிரின் மேல் இதைத் தூவி, நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ ஊற்றிச் சப்பாத்தியோடு சாப்பிட்டுப் பாருங்க. இட்லிப் பொடி தெரிந்த நமக்கு இது நொடியில் புரிந்துவிடும்.

சிச்சுவான் மிளகும் கடைசியில் தூவ ஏற்றது. பெயர்தான் மிளகு; உண்மையில் அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காரத்தைவிட, நாக்கில் ஒரு விறுவிறுப்பும் மரத்துப்போகும் உணர்வும் தருவதுதான் அதன் சிறப்பு. அந்த ஊரின் புகழ்பெற்ற மாப்போ டோஃபுவில், பரிமாறும் முன் வறுத்துப் பொடித்த இந்த மிளகைத் தூவுவார்கள். இதன் நெருங்கிய உறவு நம் நாட்டிலேயே இருக்கிறது. கொங்கணிச் சமையலில் மீன் குழம்புக்குப் போடும் திர்பல்தான் அது.

பட்டையில் மட்டும் கூடுதல் கவனம்

ருசியைத் தாண்டி, உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். கடைகளில் 'பட்டை' என்று கிடைப்பதில் பெரும்பகுதி கேசியா எனும் வகை. இலங்கைப் பட்டை வேறு. அடையாளம் காண்பது சுலபம். கேசியா தடிமனாக, மரப்பட்டை போல முரடாக இருக்கும். கையால் உடைப்பது கஷ்டம். இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டியிருக்கும், விரலால் நொறுக்கலாம், மணமும் மென்மை.

கேசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது. அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ஒருவரின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல். பிரியாணியில் போடும் துண்டு பட்டையால் பயம் இல்லை. ஆனால், சர்க்கரை குறையும், எடை குறையும் என்று தினமும் ஸ்பூன் கணக்கில் பட்டைத்தூளைக் கலக்கிக் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டும். கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகமிகக் குறைவு, விலைதான் கூடுதல்.

எதை வாங்கலாம், எப்படி வைக்கலாம்?

* கலவைப் பொடிகளை வாங்காதீங்க. பெரும்பாலானவற்றை வீட்டிலேயே கலக்கலாம்.

* தனிப் பொருள்களில் புகை பாப்ரிகா, சுமாக், சிச்சுவான் மிளகு ஆகிய மூன்றுக்கும் சரியான மாற்று கிடையாது. வாங்கினால் சின்னப் பாக்கெட்டாக, ஒவ்வொன்றாக வாங்குங்க.

* ஜமைக்காவின் ஆல்ஸ்பைஸ் என்பது கலவை அல்ல; ஒரே காய். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த மணம் வரும். அந்த மூன்றையும் சேர்த்துப் பொடித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

* குங்குமப்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்க. அசல் என்றால் மெதுவாகப் பொன்மஞ்சள் இறங்கும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துப்போனால் சாயம்.

* முடிந்தவரை முழுசாக வாங்கி, தேவைப்படும்போது வறுத்துப் பொடியுங்க. தூளாக்கியதும் மணம் வேகமாகப் போகும். தூள்களை ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

* அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி மசாலாவுக்கு எதிரி. சூடும் ஆவியும் படாத இருட்டான இடமே சரி.

* பாட்டில் பழசா என்று சந்தேகமா? ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்க. வாசனை வரவில்லை என்றால் சமையலிலும் வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பின்வரிசையில் தூங்கும் அந்த ஒரு பாட்டிலை எடுங்க. முகர்ந்து பாருங்க. உயிர் இருந்தால், அது எண்ணெய்க்கா, கொதிக்கா, இறக்கும்போதா என்று மட்டும் யோசிங்க. பாப்ரிகா என்றால் மறக்காதீங்க... முதலில் அடுப்பை அணைச்சிடுங்க!