உருகிய எஃகுக்குள் ஓர் அட்டைக் குழாய்

எஃகு உருகிக் குழம்பாக இருக்கும்போது அதன் சூடு கிட்டத்தட்ட 1,600 டிகிரி செல்சியஸ். சேலம் உருக்காலை போன்ற இடங்களில் அதை 'லேடில்' என்ற பெரிய கொப்பரையில் டன் கணக்கில் வைத்திருப்பார்கள். அதன் சூட்டை அளக்க, நீளமான கம்பி ஒன்றை உள்ளே விடுவார்கள். கம்பியின் முனையில் மாட்டியிருப்பது என்ன தெரியுமா? கெட்டிக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிச் செய்த அட்டைக் குழாய்!

இரும்பே உருகி ஓடும் இடத்தில் காகிதத்துக்கு என்ன வேலை? சொல்கிறேன். அதற்கு முன், இவ்வளவு சிரமப்பட்டு ஏன் அளக்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

கொப்பரையிலிருந்து எஃகை அச்சில் ஊற்றித் தொடர்ச்சியான பாளமாக இழுப்பார்கள். எஃகு சற்றே ஆறியிருந்தால், ஊற்றும் துவாரத்திலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், பாளத்தின் மேல்தோல் போதுமான அளவுக்கு உறையாது. தோல் கிழிந்து உள்ளே இருக்கும் குழம்பு வெளியே கொட்டும். அது பெரிய விபத்து. அதனால் உறையும் நிலையைவிட 20, 30 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். 'ரொம்பச் சூடு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆலையில் வேலை நடக்காது.

பாதரச வெப்பமானி இங்கே உதவாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அளக்க மனிதர்கள் பட்ட பாடு சுவையானது. இங்கிலாந்தில் பீங்கான் பாத்திரங்கள் செய்த ஜோசையா வெட்ஜ்வுட், 1782-இல் ஒரு வழி கண்டார். களிமண் சூளையில் வேக வேகச் சுருங்கும் அல்லவா? சிறு களிமண் துண்டுகளைச் சூளைக்குள் வைத்து, எவ்வளவு சுருங்கின என்று அளந்து சூட்டைக் கணக்கிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அவர் கணக்குப்படி வார்ப்பிரும்பு உருகும் வெப்பநிலை கிட்டத்தட்ட 10,000 டிகிரி செல்சியஸ்! சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான்.

சரியான வழி 1821-இல் கிடைத்தது. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால், பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி அசைவதைத் தாமஸ் சீபெக் கண்டார். அது காந்த விளைவு என்றே அவர் நினைத்தார். உண்மையில் அங்கே மின்சாரம் ஓடியது. ஒரு கம்பியின் முனையைச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் இடம் நகர்கின்றன. எவ்வளவு நகரும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். இரண்டு உலோகங்களின் சூடான முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், குளிர்ந்த முனைகளுக்கு நடுவே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதை அளந்து சூட்டைக் கண்டுபிடிக்கலாம். பாடப்புத்தகத்தில் இது வெப்ப மின்னிரட்டை. ஆலையில் எல்லோரும் தெர்மோகப்பிள் என்பார்கள்.

கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். பிளாட்டினத்தையும், ரோடியம் கலந்த பிளாட்டினத்தையும் இணைத்த ஜோடி, 1,600 டிகிரியில் தருவது வெறும் 17 மில்லிவோல்ட். சுவர்க் கடிகார பேட்டரி தருவதில் ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்கு!

எந்த ஜோடியைத் தேர்ந்தெடுப்பது? 1,200 டிகிரி வரை என்றால் நிக்கலைப் பெரும்பங்காகக் கொண்ட குரோமல், அலுமல் கலவைகள் போதும், விலையும் குறைவு. அதற்கு மேல் பிளாட்டினம் வேண்டும். அதுவும் 1,768 டிகிரியில் உருகிவிடும். டங்ஸ்டனும் ரீனியமும் சேர்ந்த ஜோடி 2,300 டிகிரி வரை தாங்கும். அப்படியானால் எல்லா இடத்திலும் அதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சூடாக இருக்கும்போது காற்று பட்டால், ஆக்சிஜன் அதை அரித்துத் தின்றுவிடும். வெற்றிடத்திலோ ஆர்கான் போன்ற வாயுவிலோதான் அது பிழைக்கும். எவ்வளவு சூடு என்பதோடு, சுற்றி என்ன இருக்கிறது, எத்தனை நேரம் இருக்க வேண்டும் என்றும் பொறியாளர் கேட்பது இதனால்தான்.

இப்போது அட்டைக் குழாய்க்கு வருவோம். பிளாட்டினக் கம்பியை உருகிய எஃகுக்குள் நாள் முழுக்க வைத்திருக்க முடியாது. கம்பிக்கு மாட்டும் பாதுகாப்பு உறையை எஃகும் அதன்மேல் மிதக்கும் கசடும் கரைத்துவிடும். பொறியாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். சூட்டை அறியும் உணரி எதற்காக நாள் முழுக்கப் பிழைத்திருக்க வேண்டும்? சில நொடிகள் போதுமே! மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பியைச் சிறு குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, அட்டைக் குழாயின் முனையில் பொருத்தினார்கள். மேலே மெல்லிய உலோக மூடி. கசடைத் தாண்டும்வரை மூடி காப்பாற்றும். எஃகுக்குள் போனதும் அதுவே உருகி வழிவிடும். அட்டை வெளிப்புறத்தில் கருகிக்கொண்டே இருக்கும். ஆனால் காகிதம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உள்ளே இருக்கும் கம்பிகள் கெடுவதற்குள் அளவு திரையில் வந்துவிடும். அடுத்த முறைக்குப் புதிய குழாய். இதைவிடச் சாமர்த்தியமான உணரியை நான் பார்த்ததில்லை.

தொடாமலே அளக்கவும் வழி உண்டு. சூடான பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்தே பைரோமீட்டர் வெப்பநிலையைச் சொல்லிவிடும். அரியலூர்ப் பக்கம் இருப்பவை போன்ற சிமென்ட் ஆலைகளில் சூளையே ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே 1,450 டிகிரி, உருளையோ சுற்றிக்கொண்டே இருக்கும். தூரத்தில் நிற்கும் அகச்சிவப்புக் கருவி அதன் வெளிப்பரப்பைக் கண்காணிக்கும். சூட்டைத் தாங்க உள்ளே பதித்திருக்கும் செங்கல் பெயர்ந்து விழுந்தால், அந்த இடம் மட்டும் சூடேறுவதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எஃகுக் கொப்பரையை மேலிருந்து இப்படிப் பார்த்தால், தெரிவது மேலே மிதக்கும் கசடின் சூடுதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி. காற்று தாராளமாகப் புழங்கும் பீங்கான் சூளை, 1,400 டிகிரி, மாதக்கணக்கில் அளக்க வேண்டும். குரோமல்-அலுமல், பிளாட்டினம்-ரோடியம், டங்ஸ்டன்-ரீனியம், இந்த மூன்றில் எதை வைப்பீர்கள்? மற்ற இரண்டும் ஏன் கூடாது என்ற காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.