மாடியில் மண் கொட்டுமுன் உஷார்!

மொட்டை மாடியில் செங்கல் பாத்தி கட்டி கத்தரி, வெண்டை போட ஆசையா? மண் லாரியைக் கூப்பிடுமுன் டேப்பை எடுங்கள்!

நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் 1 அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 32 கன அடி. அளக்க வேண்டியது செங்கல்லுக்கு உள்பக்கம். தண்ணீர் ஊற்றியதும் மண் அமுங்கும். அதற்காக 4, 5 கன அடி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

லாரிக்காரர் சும்மா விடுவாரா? "ஒரு யூனிட்டாவே இறக்கிடலாம் சார்" என்பார். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி! மிச்சம் தெருவில்தான் கிடக்கும். மழை பெய்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை!

கூரை தாங்குமா?

காசு போனால் போகட்டும். கனம்தான் பயம். ஈர மண் கன அடிக்குச் சுமார் 50 கிலோ. 32 கன அடிக்கு 1,600 கிலோ! ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 விதி (1987) வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இந்தப் பாத்தி பிடிக்கும் இடம் 3 சதுர மீட்டர். அதாவது 450 கிலோ. நாம் ஏற்றுவது மூன்று மடங்குக்கும் மேல்!

தரையில் இடமிருந்தால் பாத்தியை அங்கேயே கட்டுங்கள். மாடியில்தான் என்றால் முதலில் என்ஜினீயரிடம் காட்டுங்கள். லாரி அப்புறம் வரட்டும்.