பெய்யாத மழையும் பதியாத மழையும்

மஹய்யாவயில் மாத்தளை ரயில் ஏறினால் சற்று நேரத்தில் கட்டுகஸ்தோட்டை வந்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை நிலையம் அங்கேதான் இருக்கிறது. முதல்நாள் காலை 8.30 தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை மழைமானியில் சேர்ந்த தண்ணீர் ஒரு நாள் மழை. மானி காய்ந்து கிடந்தால் கணக்கில் 0. மானி அடைத்துக்கொண்டாலோ, தானியங்கிக் கருவியின் இணைப்பு அறுந்தாலோ? எழுத எண்ணே இல்லை.

தரவுத்தளத்தில் அந்த வெறும் கட்டத்துக்குப் பெயர் ‘நல்’. அது பூச்சியமல்ல, ‘தெரியவில்லை’ என்பதற்கான குறி. தரவை அட்டவணைகளாகக் கையாளும் முறையை 1970இல் வகுத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கோட், 1979இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

ஐந்து நாள் மழை 12, 0, நல், 8, 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லிடம் சராசரி கேட்டால், ‘நல்’ஐ ஒதுக்கி, 40ஐ 4ஆல் வகுத்து 10 என்று சொல்லும். அதே வரிசைகளை ஜாவா நிரல் ‘கெட்டபுள்’ கட்டளையால் ஒவ்வொன்றாக வாசித்தால் மூன்றாம் நாளும் 0 ஆகிவிடும். சராசரி 8க்கு இறங்கும். பிழைச்செய்தி ஏதும் வராது. வாசித்த கையோடு ‘வாஸ்நல்’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். பைத்தனில் அந்தக் கட்டம் ‘நன்’ (None) என்று வந்து சேரும். அதை எண்ணோடு கூட்டப் போனால் நிரல் அங்கேயே நின்றுவிடும். நிற்பது எவ்வளவோ மேல்.

மலைநாட்டில் இது வெறும் கணக்குப் பிழையோடு போவதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை தொடர்ந்தால் மண்சரிவு குறித்து விழிப்பாயிருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இணைப்போ அடைமழை நாளிலும் அறுந்துபோகலாம். அன்றைய ‘நல்’ஐ நிரல் 0 ஆக்கினால், திரையில் மழையே இல்லாத ஊராகத் தெரியும்.

எஸ்கியூஎல்லிலும் ஒரு பொறி உண்டு. 75க்கு மேற்பட்ட இடங்களைக் கேட்டால் ‘நல்’ உள்ள இடம் வராது; 75உம் அதற்குக் குறைந்தவையும் என்று கேட்டாலும் வராது. இரண்டு பட்டியலிலும் அந்த ஊர் இல்லை. ‘இஸ் நல்’ என்று தனியாகக் கேட்டாக வேண்டும். ‘கோலெஸ்’ போட்டு 0 ஆக்கிவிடும் குறுக்குவழி சம்பளப் பட்டியலின் மேலதிகக் கொடுப்பனவுக்குச் சரிவரலாம், மழைக்கு ஆகாது. அந்த ஊருக்கு நேரே ‘பதிவு இல்லை’ என்று திரையில் வந்தால், பணியிலிருப்பவர் தொலைபேசியை எடுத்து அங்கே மழை எப்படியென்று விசாரிப்பார்.