குரூப் ப்ராஜெக்ட்டில் நிஜமா உழைக்கிறது யாரு? 15 நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம்!

தாமிரபரணி அணைக்கட்டுகள் பத்தி ஆன்லைனில் ஒரு குரூப் ப்ராஜெக்ட்னு வச்சுக்கோங்க. பாளையங்கோட்டையில் ரெண்டு பேர், அம்பாசமுத்திரத்தில் ரெண்டு பேர், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பொண்ணு. வாட்ஸ்அப்பில் மொத்தம் 300 மெசேஜ். அதில் 200 ஒரே ஆளோடது. 'செம ஆக்டிவ்'னு பேரும் மார்க்கும் அவருக்கே. பத்தே மெசேஜ் போட்ட ஸ்ரீவைகுண்டம் பொண்ணு 'சும்மா இருந்தவங்க' ஆகிடுறாங்க. இது நியாயமா?

இங்கேதான் 'சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு' கைகொடுக்குது. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. ஆளுக்கொரு புள்ளி. யார் யாருக்குப் பதில் சொன்னாங்களோ, அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளின் நட்பை இப்படிப் படமா வரைஞ்சு 1934-லேயே புத்தகம் போட்டவர் ஜேக்கப் மொரேனோ.

வரைஞ்சு பார்த்தா, 200 மெசேஜ்காரரின் அம்புகள் பெரும்பாலும் அதே ஊர் நண்பருக்கே போயிருக்கலாம். அம்பையையும் பாளையையும் இணைச்சது அந்தப் பொண்ணோட பத்து பதில்களா இருக்கலாம். ஆத்துல ஸ்ரீவைகுண்டம் கடைசி அணைக்கட்டு. இந்தப் படத்துல அவங்கதான் நடு. வயலுக்கு மடை மாதிரி. மடை சின்னதுதான், அடைச்சுட்டா அங்கிட்டு தண்ணி போகாது.

நிஜ உதாரணம் வேணுமா? 2003-ல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா. முகம் பார்க்காதவங்க சேர்ந்து எழுதி, எழுதியே கத்துக்கிற இடம். ஒரு கட்டுரையோட வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தா, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு வரிசையா இருக்கும். உரையாடல் பக்கத்தில் யார் யாருக்குப் பதில் சொன்னாங்கன்னு தெரியும். பொது விஷயம் பேச 'ஆலமரத்தடி'ன்னே ஒரு பக்கம் உண்டு. கட்டுரைகளை மட்டும் எண்ணினா, புதுசா வந்தவங்களுக்கு வழி சொல்றவங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க. பதில்களைப் படமாக்கினா தெரிவாங்க.

உங்க குரூப்பில் ப்ராஜெக்ட் பாதியில் இருக்கும்போதே, கடைசி ஒரு வார சாட்டை எடுத்து வரைஞ்சு பாருங்க. ஒரு புள்ளி தனியா நிக்குதா? அவங்க பேரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்க. எல்லா அம்பும் ஒருத்தர் வழியாவே போகுதா? அவங்க வேலையை இன்னொருத்தருக்கும் பழக்குங்க. ரிவ்யூ அன்னைக்கு அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா மொத்தமும் நின்னுடும்!

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அம்பு குறைவா இருந்தா சோம்பேறின்னு அர்த்தமில்ல. போனில் பேசினதும், நேரில் அணைக்கட்டுக்குப் போய் போட்டோ எடுத்ததும் இந்தப் படத்தில் வராது. அதனால இதை வச்சு மார்க் போடாதீங்க. யாரைக் கவனிக்காம விட்டோம்னு பாருங்க.