நிழல் மண்ணில் ஒரு யுத்தம்

நெகிரி செம்பிலானில் பஹாவ், ரெம்பாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், இருள் பிரியுமுன் பெரட்டில் நின்று பேர் போட்டுவிட்டு, ஈரம் சொட்டும் நிரைகளில் மரம் மரமாகப் பால் வெட்டிச் சென்ற நம் முன்னோருக்கு, காலில் ஒட்டிய மண் கழுவித் தள்ளவேண்டிய அழுக்காகவே இருந்தது. அத்தகைய மண்ணுக்குள் கண்காணா ஜீவராசிகள் ஓயாது யுத்தம் புரிகின்றன என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

மலாயா மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் பாக்டீரியா ஒன்று மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய நோயைத் தருவது. 1911-இல் ரங்கூனில் அதனைக் கண்டவர் விட்மோர். மறு ஆண்டு அவரோடு சேர்ந்து அதனை உலகுக்கு எழுதியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. நாம் மறக்கலாகாத பெயர் அது. நோய்க்கு 1921-இல் நாமகரணம் செய்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஸ்டான்டனும் பிளெட்சரும். மழைக்காலங்களில், மண்ணோடு பிழைப்போரை, விசேஷமாக நீரிழிவு உள்ளவரை, காற்புண் வழியாகவும் அது பற்றும்.

அக்கிருமிக்கும் சத்துரு உண்டு: பாக்டீரியோபேஜ் என்னும் வைரஸ். இவ்வினத்து வைரஸ்கள் பாக்டீரியாவின் மேனியில் குறிப்பிட்டதொரு மூலக்கூற்றைப் பற்றியே உட்புகும். பாக்டீரியா அம்மூலக்கூற்றை மாற்றிக்கொண்டால், வைரஸ் தன் வால் இழையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வரும். அந்நிய டி.என்.ஏ.வைத் துண்டிக்கும் நொதிகளைப் பாக்டீரியா ஏந்தினால், வைரஸ் தன் டி.என்.ஏ.வுக்கு மாறுவேடம் பூட்டும். எனக்கு மிகுந்த பிரமிப்பைத் தருவது பாக்டீரியாவின் மூன்றாவது உபாயம்: தோற்ற பகைவனின் டி.என்.ஏ.த் துணுக்கைத் தன் மரபில் பதித்து, சந்ததிக்கும் அந்த ஞாபகத்தை விட்டுச்செல்வது. கிரிஸ்பர் என்னும் இம்முறை எதிர்ப்புச் சக்தி அளிப்பதை 2007-இல், பாலைத் தயிராக்கும் பாக்டீரியா ஒன்றில் நிரூபித்தார்கள். ஆறே ஆண்டுகளில், அதனையும் முடக்கும் புரதங்கள் வைரஸ்களிடம் இருப்பது தெரிந்தது.

மெலியோய்டோசிஸ் கிருமியின் வைரஸ்களோ உஷ்ணத்துக்கேற்ப நடக்கின்றன. தாய்லாந்து மண்ணில் கிடைத்தவற்றை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இது: 25 பாகை வெப்பத்தில் அவை பாக்டீரியாவுக்குள் பெரும்பாலும் சாதுவாகக் குடியிருக்கும், நம் உடற்சூடாகிய 37 பாகையில் அதனைப் பிளந்து கொல்லும். ஆகவே நிழலின் குளிர்ச்சியில் குடித்தனமும் வெயிலில் சங்காரமும் என்று ஒரே மண்ணில் இவ்வுறவு மாறக்கூடும்.

பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலங்களில், நெடுநாள் நிழலில் கிடந்த தரைமீது முதன்முறையாக வெயில் விழுந்தபோது, அடியில் எந்தப் பக்கம் ஓங்கிற்று என்று ஆராய ஒருவர் வரவேண்டும் என ஆசைப்படுகிறேன். அம்மண்ணில் வெறுங்காலோடு கன்று நட்டவர்கள் நம்மவர்கள்.