காசிக்கு இரண்டரை மணி நேரம்

காசிக்குக் கால்நடையாகப் புறப்பட்ட நம் முன்னோர், திரும்புவோமோ என்னும் ஐயத்துடனேயே உற்றாரிடம் விடைபெற்றுச் சென்றனர். இன்று சென்னையிலிருந்து வாராணசி வான்வழியில் சுமார் 1,400 கிலோமீட்டர்; நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இரயில் பாதையோ 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம், ஒன்றரை நாளாகும்.

ஆயினும் முதியோருக்குக் கடினமானது வான்வழியன்று. இறங்கிய பின் வரும் வழியே. பாபத்பூர் விமான நிலையத்திலிருந்து நகரம் சுமார் 25 கிலோமீட்டர். விசுவநாதர் ஆலயத்தை அடுத்த குறுகிய சந்துகளில் வண்டி செல்லாது. கங்கைத் துறைகளிலோ செங்குத்தான படிகள். எனவே சக்கர நாற்காலி வேண்டுவோர் பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லி வைத்தல் நலம். சென்று சேர்ந்த அன்று ஓய்வு கொண்டு, மறுநாள் விடியலில் நீராடித் தரிசியுங்கள். விமானம் மிச்சப்படுத்தித் தந்த நாளை ஈசன் சந்நிதியில் செலவிடுவோம்.