லைசென்ஸ் விசாரணைக்கு ஓட்டுநரை வெறுங்கையோடு அனுப்பலாமா?

அதிக பாரம் ஏற்றியதாக வண்டி பிடிபட்டால், அபராதத்தைக் கட்டியதோடு விஷயம் முடிந்தது என்று வணிகர்கள் பலர் இருந்துவிடுகிறார்கள். அபராதம் வேறு, ஓட்டுநரின் லைசென்ஸ் வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அந்த லைசென்ஸுக்குத் தனியே தடை விதிக்கலாம். அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுதல் ஆகியவற்றுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் தடை விதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் அறிவுறுத்தியது.

தடை விதிக்குமுன் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். ஆனால் மூட்டையை எண்ணி ஏற்றுவது மண்டி. பதில் சொல்லப் போவது ஓட்டுநர். காகிதங்கள் எல்லாம் நம்மிடம் இருக்க, அவர் அங்கே போய் எதைக் காட்டுவார்?

நோட்டீஸில் கண்ட தேதி, வண்டி எண், குற்றச்சாட்டு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். பிறகு சரக்கு பில், எடைமேடை ரசீது, ஆர்.சி. ஆகியவற்றின் நகல்களை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதே ஏற்றத்தக்க பாரம். வெற்று எடையில் ஓட்டுநர் எடை சேராது. 1,500 கிலோ வருகிறதென்று 50 கிலோ மூட்டை 30 ஏற்றினால் அது தவறு. ஓட்டுநரும் லோடுமேனும் 140 கிலோ என்றால் 27 மூட்டைதான். இந்தக் கணக்கு நம் பக்கம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் மழுப்ப வேண்டாம். இதற்குமுன் குற்றம் இல்லாததையும், ஓட்டுவதே பிழைப்பு என்பதையும் சொல்லி, தடையைச் சரக்கு வண்டிக்கு மட்டும், குறைந்த காலத்துக்கு விதிக்கக் கேட்கலாம்.

விளக்கத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்க வேண்டும். அன்று போக முடியாவிட்டால் முன்கூட்டியே மனு கொடுத்து வேறு தேதி கேட்கலாம். உத்தரவில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தடைக் காலத்தில் 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்று அவரிடம் சாவியைக் கொடுத்தால் உரிமையாளர் மீதும் வழக்கு வரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் தகராறு செய்யும். அந்த மாதங்களில் அவரைக் கிடங்கிலோ வசூலிலோ வைத்து, சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்து வாருங்கள்.